விளக்கேந்திய தாதி: பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வும் நமக்கான படிப்பினையும்



நோயுற்று மருத்துவமனையில் தங்க நேர்ந்தவர்கள் அனைவரும் ஒரு சங்கடத்தை அறிவார்கள். நோயின் வேதனை ஒருபுறமிருக்க, வாய்விட்டுச் சொல்ல முடியாத வேறு வேதனைகளும் அங்கே உண்டு. முதிய தாயார் ஒருவர், ஆண் பணியாளர் உடை மாற்ற வந்து நிற்கும்போது கூனிக் குறுகிப் போகிறார். படுக்கையில் கிடப்பவர், கிப்லா எத்திசையில் உள்ளது என்று கேட்கக் கூச்சப்பட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார். ரமளானில் எந்த நேரத்தில் மாத்திரையை விழுங்குவது என்று மருத்துவரிடம் கேட்கத் துணியாமல், மாத்திரையையே விட்டுவிடுவோரும் உண்டு. அங்கே பணிபுரியும் தாதியர் தீயவர்கள் அல்லர். இவற்றையெல்லாம் கேட்டறிய வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. அந்த மருத்துவமனையில் அதற்கென்று ஒரு விதியும் எழுதப்படவில்லை. அவ்வளவே.

நோயாளியின் சமயம், மொழி, உணவு, நாணம், பழக்கவழக்கம் ஆகியவற்றை அறிந்து, மதித்து, அவற்றுக்கேற்பப் பணிவிடை செய்வதை இன்றைய செவிலியர் கல்வியில் பண்பாட்டுத் திறன் என்று வழங்குகிறார்கள். இது புதிய கல்வி போலத் தோன்றினாலும், இதன் வேரைத் தேடிச் சென்றால் 1853-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் வாசலில் போய் நிற்போம். அந்த இல்லத்தின் விதிகளில், நோயாளியைக் காண முஃப்தி வந்தாலும் அனுமதிக்க வேண்டும் என்னும் கருத்தை ஏற்றிவைத்தவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி. நம் பிள்ளைகள் பாடநூலில் கைவிளக்கேந்திய காரிகை என்று படிக்கும் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அவர். பாடநூல் அவருடைய விளக்கைக் காட்டியது. அவர் எழுதிய விதிகளை நாம்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

செல்வக் குடியில் பிறந்த மகள்

நைட்டிங்கேல் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பயணம் சென்ற இடத்தில் பிறந்த குழந்தைக்கு அந்நகரின் பெயரையே பெற்றோர் சூட்டினர். இங்கிலாந்தில் இரண்டு பெரிய மாளிகைகளுக்கு உரிமையுடைய குடும்பம் அது. தந்தை வில்லியம் நைட்டிங்கேல் தம் இரு பெண்மக்களுக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளைய மகளோ கணிதத்தில் தணியாத வேட்கை கொண்டிருந்தார்.

பதினாறு வயதில், இறைவன் தம்மை ஒரு பணிக்காக அழைப்பதாக அவர் உள்ளத்தில் உணர்ந்தார். அப்பணி நோயாளர் சேவையே என்று தெளிவதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. அதனைக் குடும்பத்தார் ஏற்பதற்கோ இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. அக்காலத்து இங்கிலாந்தில் மருத்துவமனைத் தாதி என்றாலே படிப்பற்றவர், மதுப் பழக்கம் உடையவர், ஒழுக்கம் குன்றியவர் என்னும் எண்ணமே மேலோங்கியிருந்தது. 1845-இல் அருகிலுள்ள மருத்துவமனையில் பயிற்சி பெற அனுமதி கேட்டபோது தாயும் தமக்கையும் பதறித் தடுத்தனர். மதிப்புள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு இது தகுமா என்று அன்று அந்த ஆங்கிலக் குடும்பம் கேட்ட கேள்வியை, நம்மில் சிலர் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் அல்லவா?

எகிப்துப் பயணம்

1849-ஆம் ஆண்டின் இறுதியில், மனம் சோர்ந்திருந்த மகளைக் குடும்ப நண்பர்களான பிரேஸ்பிரிட்ஜ் தம்பதியர் எகிப்துக்கு அழைத்துச் சென்றனர். அலெக்சாந்திரியாவில் அவர் எகிப்தியப் பெண்களைப் போல உடலையும் முகத்தையும் மறைத்து ஆடை அணிந்து ஒரு பள்ளிவாசலுக்குள் சென்று பார்த்தார். பிறகு நைல் நதி வழியே படகில் அபூ சிம்பல் வரை சென்று திரும்பினார்.

அப்பயணத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. அவற்றில் வியப்பும் உண்டு, வெறுப்பும் உண்டு. எகிப்திய மக்களின் வறுமையையும் வாழ்க்கையையும் பற்றி அவர் எழுதிய சில வரிகள், ஆளும் இனத்தின் மகள் ஒருத்தியின் இறுமாப்பையே காட்டுகின்றன. இதை மறைப்பதற்கில்லை. பிறரை மதிக்கும் பண்பு அவருக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடவில்லை. அதனைப் பணியின் வழியே மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். ஆகவேதான் அவர் வாழ்வு நமக்குப் பாடமாகிறது.

திரும்பும் வழியில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரின் கிறிஸ்தவத் தொண்டு நிலையத்தைக் கண்டார். 1851-இல் மீண்டும் அங்கே சென்று மூன்று மாதங்கள் தங்கி நோயாளர் பராமரிப்பைக் கற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

ஹார்லி தெருவில் எழுதப்பட்ட விதி

1853 ஆகஸ்டில், இலண்டனின் மேல் ஹார்லி தெருவில் நோயுற்ற ஏழை நற்குடிப் பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவ இல்லத்தின் கண்காணிப்பாளராக நைட்டிங்கேல் பொறுப்பேற்றார். ஊதியம் இல்லாத பணி அது. தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு அனுப்பிவந்தார்.

இல்லத்தை நிர்வகித்த குழுவினர், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த பெண்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்றனர். கத்தோலிக்கப் பெண்களுக்கு இடமில்லை என்று அவர்கள் சொன்னதும், அப்படியானால் நான் விடைபெறுகிறேன் என்று நைட்டிங்கேல் எழுந்துவிட்டார். கத்தோலிக்கர் மட்டுமன்றி யூதர்களையும் சேர்க்க வேண்டும், அவர்களைக் காண அவர்களுடைய ரப்பிகளையும் அனுமதிக்க வேண்டும் என்றார். குழு பணிந்தது. எச்சமயத்தவரையும் சேர்க்கலாம், அவரவர் குருமார் வந்து காணலாம் என்று முடிவாகி, அது அச்சிலும் ஏறியது. இச்செய்தியை ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், அந்தக் குருமார் வரிசையில் முஃப்திகளையும் சேர்த்தே நைட்டிங்கேல் குறிப்பிட்டார்.

ஆனால் குழுவினர் ஒரு நிபந்தனை விதித்தனர். திருச்சபையைச் சேராத சமய குரு எவர் வந்தாலும், நைட்டிங்கேல் தாமே வாசலில் எதிர்கொள்ள வேண்டும். தாமே மாடிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் நோயாளியிடம் பேசி முடிக்கும்வரை உடனிருக்க வேண்டும். அவர் வேறு எவரிடமும் பேசாமல் பார்த்து, மீண்டும் தெருவரை கொண்டு விட வேண்டும். அந்நிய குருமாரைக் குழுவினர் எத்துணை அருவருப்போடு நோக்கினர் என்பதற்கு இந்த நிபந்தனையே சான்று. நைட்டிங்கேலோ அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றார். விதி அச்சில் ஏற வேண்டும், அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு வேண்டியவை இவை இரண்டுமே.

சகோதரர்களே! இங்கே சற்று நின்று சிந்திப்போம். நல்ல உள்ளம் படைத்த ஒரு கண்காணிப்பாளர், விதி எதுவும் இல்லாமலேயே ஒரு யூதப் பெண்ணையோ கத்தோலிக்கப் பெண்ணையோ அன்போடு நடத்தியிருக்க முடியும். ஆனால் அந்த அன்பு அவர் பணியில் இருக்கும்வரை மட்டுமே நீடிக்கும். அவர் விலகிய மறுநாள் அந்தக் கதவு மூடிவிடும். நோயாளியின் சமயத்தை மதிப்பதை ஒருவருடைய இரக்கத்திடம் விடாமல், அதனை நிறுவனத்தின் விதியாக்கினார் நைட்டிங்கேல். பராமரிப்பும் நிர்வாகமும் வெவ்வேறு அல்ல என்பதை அந்த ஒரு செயலே காட்டிவிட்டது.

அதே இல்லத்தில் அவர் செய்த மற்ற மாற்றங்களும் இக்கருத்தையே உணர்த்துகின்றன. ஒவ்வொரு மாடிக்கும் சுடுநீர் குழாய் வழியே வர ஏற்பாடு செய்தார். உணவை மேலே தூக்கிச் செல்ல ஓர் ஏற்றப் பொறி வைத்தார். எந்த நோயாளி மணியடித்தார் என்பது தாதிக்குத் தெரியும்படி மணிகளை அமைத்தார். தாதியர் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியே களைத்துவிட்டால், நோயாளியின் முகம் பார்த்துப் பேச அவர்களிடம் நேரமும் இராது, பொறுமையும் இராது. பணியாளரின் சுமையைக் குறைக்காமல் அவரிடம் கனிவை எதிர்பார்ப்பது நியாயமன்று.

உஸ்குதார் நகரில்

1853-இல் உஸ்மானியப் பேரரசுக்கும் ரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாலஸ்தீனத்தின் புனிதத் தலங்களில் எந்தக் கிறிஸ்தவப் பிரிவினருக்கு உரிமை என்னும் பூசலும் அப்போருக்கு ஒரு காரணமாயிற்று. 1854-இல் பிரிட்டனும் பிரான்சும் உஸ்மானியர் பக்கம் சேர்ந்தன. கிரிமியாவில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பாரின்றி மடியும் செய்தி நாளிதழில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. போர்த்துறை அமைச்சரும் நண்பருமான சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 தாதியருடன் புறப்பட்ட நைட்டிங்கேல் 1854 நவம்பர் 4-ஆம் நாள் இஸ்தான்புல் வந்து சேர்ந்தார்.

அவர்கள் பணிபுரிந்த இடம், பாஸ்பரஸ் நீரிணைக்கு அக்கரையில் ஆசியப் பகுதியிலுள்ள உஸ்குதார் நகரம். ஆங்கிலேயர் அதனை ஸ்கூட்டரி என்றழைத்தனர். உஸ்மானியப் படையின் செலிமியே பாசறையே பிரிட்டிஷ் மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. நான்கு திசையிலும் நீண்ட தாழ்வாரங்கள். அவற்றில் நெருக்கமாகக் கிடத்தப்பட்ட வீரர்கள். கீழே அடைபட்ட சாக்கடைகள். சட்டை இல்லை, துடைக்கத் துணி இல்லை, நோயாளி உண்ணத் தகுந்த உணவு இல்லை.

இராணுவ மருத்துவர்களோ இப்பெண்களை ஏற்கத் தயங்கினர். மருத்துவர் கட்டளையிடாமல் எந்தத் தாதியும் எந்த நோயாளியையும் தொடலாகாது என்று நைட்டிங்கேல் தம் குழுவினருக்கு உறுதியாகச் சொல்லிவிட்டார். கண்ணெதிரே வீரர்கள் துடிக்கக் காத்திருப்பது கொடுமையாகவே இருந்தது. ஆனால் காயமுற்றோர் வெள்ளமெனப் பெருகவே, சில நாட்களில் மருத்துவர்களே வந்து உதவி கேட்டனர். ஒரு பணியிடத்தின் வழக்கத்தை உடைத்துக்கொண்டு நுழையாமல், அதன் நம்பிக்கையைப் பெற்று நுழைந்ததால் அவர்கள் நிலைத்து நிற்க முடிந்தது.

அவர் தனிச் சமையற்கூடங்களை அமைத்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சலவைக்கூடமாக்கி, படைவீரர்களின் மனைவியரை அதில் பணியமர்த்தினார். வீரர்களுக்குப் படிப்பகம் திறந்தார். அவர்கள் ஊதியத்தைக் குடித்து அழிக்காமல் ஊருக்கு அனுப்ப வழிசெய்தார். சாமானியப் படைவீரன் பணத்தைச் சேமிக்க மாட்டான் என்று அதிகாரிகள் நகைத்தனர். ஆறு மாதத்திற்குள் ஏறத்தாழ 71,000 பவுண்டு வீடுகளுக்குச் சென்றது. ஒரு கூட்டத்தாரைப் பற்றி மேலிருப்போர் கொண்டிருக்கும் எண்ணம், பெரும்பாலும் அவர்களுக்கு வாய்ப்பளிக்காததால் வந்த எண்ணமே என்பதற்கு இது தக்க சான்று.

இரவு நேரங்களில் அந்தத் தாழ்வாரங்களில் அவர் ஏந்திச் சென்ற விளக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஓவியர்கள் பலர் பழைய கிரேக்க எண்ணெய் விளக்கை அவர் கையில் வரைந்துவிட்டனர். உண்மையில் அது ஃபானூஸ் என்னும் துருக்கிய மடிப்பு விளக்கு. உள்ளே மெழுகுவர்த்தி எரியும் கூண்டு. உலகெங்கும் செவிலியர் பணியின் சின்னமாக விளங்கும் அந்த விளக்கு, முஸ்லிம் நாட்டுச் சந்தையில் விற்ற சாதாரண விளக்கே என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பல பிரிவினர், ஒரே பணியிடம்

நைட்டிங்கேல் அழைத்துச் சென்ற 38 பேரும் ஒரே பிரிவினர் அல்லர். பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பதினான்கு பேர் ஆங்கிலத் திருச்சபையின் சகோதரியர். எஞ்சிய பதினான்கு பேர் ஊதியத்துக்கு வந்த மருத்துவமனைத் தாதியர். ஆடை வேறு, வழிபாடு வேறு, வர்க்கம் வேறு. கத்தோலிக்கர் மரணப் படுக்கையில் வீரர்களை மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு சாராரும், நைட்டிங்கேலே இரகசியக் கத்தோலிக்கர் என்று மற்றொரு சாராரும் இங்கிலாந்தில் தூற்றினர். அதே ஆண்டு டிசம்பரில், அவரைக் கேளாமலேயே இன்னும் 46 பெண்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் அயர்லாந்துக் கன்னியர் பதினைவரும் இருந்தனர். பூசல் மேலும் வலுத்தது.

அவர் கடைப்பிடித்த முறை எளியது. பணியில் எல்லோரும் ஒரே கட்டளைக்கு உட்பட்டவர்கள். வழிபாட்டில் அவரவர் வழி அவரவருக்கு. தம் பிரிவைச் சாராத நோயாளியிடம் தாதியர் சமயம் பேசலாகாது. படுக்கையில் வீழ்ந்து எழ முடியாதவனிடம் சமயம் பரப்புவது, அவனுடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வதாகும் அல்லவா? அயர்லாந்துக் கன்னியரின் தலைவியோடு அவருக்கு இறுதிவரை இணக்கம் ஏற்படவில்லை. இதில் நைட்டிங்கேலின் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. ஆனால் பெர்மாண்ட்சி கன்னிமடத்தின் தலைவியான மேரி கிளேர் மூர் என்னும் கத்தோலிக்க அன்னை அவருடைய வாழ்நாள் தோழியானார். நிர்வாகத்தில் தம்மினும் தகுதியானவர் அவரே என்று நைட்டிங்கேல் மனமாரப் போற்றினார்.

எண்கள் சொன்ன உண்மை

நைட்டிங்கேல் சென்றதும் மருத்துவமனை நலம் பெற்றுவிட்டது என்று பலரும் எழுதுவார்கள். உண்மை அதுவன்று. அவர் சென்ற முதல் குளிர்காலத்தில் அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். 1855 பிப்ரவரியில் நோயாளர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். மார்ச் மாதம் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைக் கழுவித் திறந்து, நீர்வழியில் கிடந்த அழுகல்களை அகற்றி, காற்றோட்டம் செய்தனர். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு 2 அளவாகக் குறைந்தது.

1856-இல், புகழ் மாலைகளைத் தவிர்க்க ஸ்மித் என்னும் பெயரில் பயணம் செய்து அமைதியாக ஊர் திரும்பினார் அவர். கிரிமியாவில் பற்றிய காய்ச்சலின் விளைவால் பிற்காலத்தின் பெரும்பகுதியை நோயாளியாகவே அறைக்குள் கழித்தார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து போர்க்கால இறப்புகளைக் கணக்கிட்டபோது, குண்டடியால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே மிகப் பலர் என்றும், சுகாதாரக் கேடே அதற்குப் பெருங்காரணம் என்றும் தெளிவாயிற்று. தாம் பணிபுரிந்த மருத்துவமனையின் குறையையும் மறைக்காமல், வண்ண வரைபடங்களாக வரைந்து அரசின் முன் வைத்தார். 1858-இல் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது; அக்கழகத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே.

1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. எந்தத் திருச்சபையின் பிடியிலும் அப்பள்ளி இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அதே காலத்தில் செவிலியம் பற்றி அவர் எழுதிய சிறு நூலில் சில்லறை நிர்வாகம் பற்றி ஓர் இயல் உண்டு. தாம் இருக்கும்போது நடப்பது, தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்வதே பொறுப்பு என்பதற்குப் பொருள் என்று அதில் விளக்குகிறார். ஹார்லி தெருவின் விதியை எழுதிய மனம்தான் இதனையும் எழுதியது. நோயாளியைக் காண வருவோர் பொய்யான ஆறுதலும் கேளாத ஆலோசனையும் கூறி அவரைக் களைப்படையச் செய்வதையும் அந்நூல் கண்டிக்கிறது. நோய் விசாரிக்கச் செல்லும் நாமும் இதை நெஞ்சில் கொள்ளலாம்.

கண்ணால் காணாத இந்தியா

நைட்டிங்கேல் இந்திய மண்ணில் கால் வைத்ததேயில்லை. எனினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியாவைப் பற்றி ஆராய்ந்தார், எழுதினார், வாதாடினார். 1859-இல் அமைந்த அரச ஆணைக்குழுவுக்காக இந்தியாவின் இராணுவ நிலையங்களுக்கெல்லாம் வினாப்பட்டியல் அனுப்பிப் பதில் பெற்றார். இங்குள்ள பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் மாண்டுவந்தது 1863-இல் வெளிவந்த அறிக்கையில் தெரியவந்தது.

தொடக்கத்தில் அவர் பார்வை, மேலிருந்து கட்டளையிடும் ஆட்சியாளரின் பார்வையாகவே இருந்தது. படைவீரர் நலனில் தொடங்கியவர், நாளடைவில் கிராமத்து ஏழையின் நலனுக்கு வந்து சேர்ந்தார். நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரும் 1876-78 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டபோது, 1878-இல் இந்திய மக்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி ஆட்சியாளரின் மனச்சாட்சியைத் தட்டினார். நம் நாட்டு நீர்ப்பாசனத்துக்காக உழைத்த சர் ஆர்தர் காட்டனுக்குத் துணைநின்றார். இந்தியச் சீர்திருத்தவாதிகளோடு கடிதத் தொடர்பு கொண்டு, கேட்டுக் கேட்டுக் கற்றார்.

அவ்வாறு கற்றதன் பயனை முதுமையில் எழுதியவற்றில் காண்கிறோம். கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரம் கற்பிக்க வேண்டுமானால், அவர்கள் மொழியையும் சமயத்தையும் பழக்கங்களையும் அறிந்த பெண்களே வீடுதேடிச் சென்று, நட்போடு பேசிக் கற்பிக்க வேண்டும். மேடையேறிச் சொற்பொழிவாற்றிப் பயனில்லை என்று 1890-களில் அவர் வலியுறுத்தினார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களையும் செவிலியரையும் அளிக்க 1885-இல் டஃபரின் சீமாட்டி நிறுவிய நிதியத்துக்கும் ஆலோசனை வழங்கினார். கோஷா முறையைக் கடைப்பிடித்த பெண்களைப் பழிப்பதற்குப் பதிலாக, அவர்கள் இருக்கும் இடத்துக்கு மருத்துவம் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது.

ஒளியும் நிழலும்

கிரிமியப் போரின்போது, ஜமைக்கா தீவைச் சேர்ந்த மேரி சீகோல் என்னும் அனுபவம் மிக்க கறுப்பினப் பெண்மணியும் செவிலியராகச் செல்ல இலண்டனில் முயன்றார். அவரை எவரும் ஏற்கவில்லை. தம் சொந்தச் செலவில் கிரிமியா சென்று, பாலக்லாவா அருகே விடுதி நடத்தி வீரர்களுக்குத் தொண்டாற்றினார். நைட்டிங்கேலும் பின்னாளில் அவரைப் பற்றிக் குறைவாகவே எழுதினார். படுக்கையில் இருப்பவரின் சமயத்துக்குக் கதவு திறந்த அதே சமுதாயம், பணிபுரிய வந்தவரின் நிறத்துக்குக் கதவு அடைத்தது. நோயாளியை மதிக்கும் பணியிடம், பணியாளரையும் அவ்வாறே மதித்தால்தான் அந்த மதிப்பு முழுமை பெறும்.

அவர் விட்டுச்சென்ற குறையைப் பின்வந்தோர் நிரப்ப முயன்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லெய்னிங்கர், பண்பாடு கடந்த செவிலியம் என்பதைத் தனிக் கல்வித்துறையாக வளர்த்தார். நியூசிலாந்தில் மாவோரி இனச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் ஒருபடி மேலே சென்றார். பிறருடைய வழக்கங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது போதாது, தன் உள்ளத்திலுள்ள முற்சாய்வைச் செவிலியர் முதலில் அறிய வேண்டும், தான் பாதுகாப்பாக நடத்தப்பட்டதாக நோயாளிதான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கருத்து. 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இதனைப் பயிற்சியின் பகுதியாக ஏற்றது.

நைட்டிங்கேல் 1907-இல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், இலண்டனில் மறைந்தார். பெருமக்களுக்குரிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, அவர் விருப்பத்தை மதித்துக் குடும்பத்தார் மறுத்துவிட்டனர். ஊர்ப்புற ஆலயமொன்றின் வளாகத்தில், பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த இறந்த நாட்களும் மட்டுமே பொறித்த கல்லின் கீழ் உறங்குகிறார். அவர் பிறந்த மே 12-ஆம் நாள் உலகச் செவிலியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

சகோதரர்களே! இவ்வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது: நம் தேவைகளை நாமே தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும். பெண் செவிலியர் வேண்டும் என்பதையோ, உணவில் இன்னது ஆகாது என்பதையோ, நோன்பு நாளில் மருந்து நேரத்தை மாற்ற முடியுமா என்பதையோ நோயாளி சேரும்போதே பணிவோடு கேட்கலாம். கேட்காமல் மனம் புழுங்குவதும், பிறகு வீட்டுக்கு வந்து குறை கூறுவதும் எவருக்கும் பயன் தராது. மாற்ற இயலாது என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகைகளை நம் ஆலிம்களிடம் கேட்டறிந்து நடப்போம்.

இரண்டாவது: நம் சமுதாயத்தார் நடத்தும் மருந்தகமோ, பள்ளிக்கூடமோ, கடையோ, தொழிற்சாலையோ எதுவாயினும், அங்கே வரும் மாற்றுச் சமயத்தாரையும் பணிபுரியும் மாற்றுச் சமயத்தாரையும் எவ்வாறு நடத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். புலால் உண்ணாதவருக்குத் தனிக் கலம் உண்டா? அவர்கள் பண்டிகைக்கு விடுப்பு உண்டா? நம் தொழுகைக்கு நேரம் கேட்கும் உரிமை நமக்கு இருப்பது போலவே, அவர்கள் வழிபாட்டை மதிக்கும் கடமையும் நமக்கு உண்டு. அதுவும் முதலாளியின் நல்ல மனத்தைப் பொறுத்ததாக இல்லாமல், எழுதிவைத்த விதியாக இருத்தல் வேண்டும்.

மூன்றாவதே மிக முக்கியமானது. நம் தாய்மாருக்குப் பெண் செவிலியர் வேண்டும் என்கிறோம். நம் நாணத்தையும் வழக்கத்தையும் அறிந்தவராக இருக்க வேண்டும் என்கிறோம். ஆனால் நம் பெண்மக்கள் செவிலியர் கல்வி படிக்க விரும்பினால், குடும்ப கௌரவம் என்ன ஆவது என்று தடுக்கிறோம். பிறர் வீட்டு மகள் நம் தாய்க்குப் பணிவிடை செய்ய வேண்டும். நம் வீட்டு மகள் மட்டும் செய்யலாகாது. இது நியாயமா? மதீனாப் பள்ளிவாசலின் வளாகத்தில் கூடாரம் அமைத்துக் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்த ருஃபைதா (ரலி) அவர்களின் வரலாறு நம்மிடம் இருக்க, இப்பணியை இழிவென்று கருத நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

அடுத்த கல்வியாண்டில் செவிலியர் கல்லூரியில் சேர விரும்பும் நம் மஹல்லாப் பெண்மக்களைப் பெற்றோர் தடுக்காதிருக்கட்டும். வசதியுள்ளோர் அவர்கள் கல்விக் கட்டணத்துக்குக் கைகொடுக்கட்டும். நாளை ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு சமயத்தைச் சேர்ந்த முதிய தாய் ஒருவர் கூச்சத்தால் வாய் திறக்காமல் படுத்திருக்கும்போது, நம் மகள் ஒருத்தி அருகே சென்று, உங்களுக்கு எப்படிச் செய்தால் மனத்துக்கு இதமாக இருக்கும் என்று கேட்பாளாயின், அதைவிடச் சிறந்த ஸதக்கா வேறென்ன இருக்க முடியும்?

நோயாளர்க்குப் பணிபுரியும் அனைவர்க்கும் வல்ல இறைவன் நற்கூலி வழங்குவானாக!